மார்க் போட்டது யார், சார்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகளைக் காகிதத்திலிருந்து பிடுங்கிக் கணினிக்குள் போட்டுவிட வேண்டும் என்று கல்வித் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். எந்திரத்துக்குத் தூக்கம் வராது, பசிக்காது, சாதி தெரியாது, கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காது. ஆகவே எந்திரம் போடுகிற மதிப்பெண்தான் நேர்மையான மதிப்பெண் என்பது அவர் வாதம். கூடவே மூன்று இலவச இணைப்புகள்: முடிவு மளமளவென்று வந்துவிடும், வினாத்தாள் கசியாது, ஆசிரியர் சுமை இறங்கும். இத்தனையையும் நிறுவ அவர் கையில் எடுத்திருக்கும் ஆதாரம் பின்லாந்து. அதுவும் பாதிப் பின்லாந்து. மீதிப் பாதியைப் பிறகு நான் சொல்கிறேன்.

அவர் சொன்னதில் உண்மை எவ்வளவோ அவ்வளவை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். விடைத்தாள் திருத்தும் முகாமில் கூட்டல் பிழை நடக்கிறது. ஏப்ரல் வெயிலில், காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு என்று திருத்துகிற உதவித் தேர்வாளர், உள்ளே போட்ட 4-ஐ முகப்புச் சீட்டில் ஏற்ற மறந்துபோவார். கூர்ந்தாய்வு அலுவலர் கண்ணுக்கும் அது தப்பிவிடும். மறுகூட்டலுக்குப் பணம் கட்டினால்தான் வெளியே வரும். இதற்குக் கணினி நல்ல மருந்து, தாராளமாகக் கொண்டுவரட்டும். கூட்டத் தெரிந்ததாலேயே அதற்குத் திருத்தவும் தெரியும் என்று அடுத்த பத்தியிலேயே ஒரு தாவு தாவுகிறாரே, அங்கேதான் நமக்கும் அவருக்கும் வழக்கு.

தாவுவதற்கு முன் நம் பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை ஒருமுறை புரட்டியிருக்கலாம். மொத்தம் நூறு மதிப்பெண். அதில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. எந்திரம் கண்ணை மூடிக்கொண்டு திருத்தக்கூடியது அவ்வளவுதான். மிச்சமுள்ள 86 மதிப்பெண்ணுக்கும் பிள்ளை எழுதிக் காட்ட வேண்டும்: இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து, எட்டு மதிப்பெண்ணில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. காம்பஸ் வைத்து வில் வெட்டிய இடம், உதவிப் படம், வரைபடத்தில் எடுத்துக்கொண்ட அளவுத்திட்டம் எல்லாவற்றையும் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வாளி வடிவ இடைக்கண்டத்தின் கன அளவு. உயரம் 45 செ.மீ., மேல் ஆரம் 28, கீழ் ஆரம் 7. ஒரு பெண் சூத்திரத்தைச் சரியாக எழுதுகிறாள், எண்களைச் சரியாகப் பிரதியிடுகிறாள். 784, 196, 49 என்று மூன்று உறுப்புகளும் சரியாகவே வருகின்றன. கூட்டும்போது 1029 வர வேண்டியது 1019 என்று விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எல்லாம் கோணல்; 48,510 கன சென்டிமீட்டர் வர வேண்டிய இடத்தில் வேறேதோ வந்து நிற்கிறது. திருத்துகிறவர் என்ன செய்வார்? 1019-க்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். சூத்திரத்துக்கு இவ்வளவு, பிரதியிட்டதற்கு இவ்வளவு என்று விடைக்குறிப்பைப் பார்த்து, மூன்றோ நான்கோ போட்டுவிட்டு அடுத்த பக்கம் போவார். (முகப்புச் சீட்டில் அவரே செய்கிற கூட்டல் பிழையும் இதே ரகம்தான் என்பது வேறு விஷயம்.) கட்டத்துக்குள் இறுதி விடையை மட்டும் தட்டச் சொல்லும் கணினியில் அவளுக்குப் பூஜ்யம். நான்கில் ஒன்றைத் தொடச் சொல்லும் கணினியிலோ, இடைக்கண்டம் என்றால் என்னவென்றே தெரியாமல், குருட்டாம்போக்கில் சரியானதைத் தொட்டுவிட்டவனுக்கு முழு மதிப்பெண். கட்டுரையாளர் அகராதியில் இதற்குப் பெயர் நேர்மை.

படிநிலைகளையும் தட்டச்சு செய்ய வைக்கலாமே என்பார். யாரை? தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் அலைபேசியில் தமிழை எப்படி எழுதுகிறார்கள் என்று அவர் பார்த்ததுண்டா? பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறார்கள். மீதிப் பேர் வாயால் சொல்லி எழுத வைக்கிறார்கள். தமிழ்99 விசைப்பலகையை அரசு தரப்படுத்தி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது; அதில் சரளமாக அடிக்கத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் பேனாவால் பதினைந்து இருபது பக்கம் எழுதக்கூடியவனை ‘ஔ’ எங்கே இருக்கிறது என்று தேட வைத்துவிட்டு, அறிவை அளந்துவிட்டேன் என்பது நல்ல வேடிக்கை.

இது என் ஊகம் மட்டும் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2015, 2016 ஆண்டுகளில் பார்க் என்ற தேர்வைச் சில பள்ளிகள் காகிதத்திலும் சில பள்ளிகள் கணினியிலும் நடத்தின. பென் பேக்கஸ், ஜேம்ஸ் கோவன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். கணினியில் எழுதியவர்கள் கணக்கில் பின்தங்கினார்கள். ஆங்கிலத்தில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகப் பின்தங்கினார்கள். இரண்டாம் ஆண்டில் இடைவெளி குறைந்ததே தவிர மறையவில்லை. அதுவும் தாய்மொழி விசைப்பலகையிலேயே இருக்கிற, வீட்டில் கணினி இருக்கிற நாட்டில். அங்கேயே இந்தக் கதி என்றால், வாரம் ஒருமுறை ஹைடெக் லேபில் முறை வைத்து உட்காரும் நம் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கட்டுரையில் ஒரு வரி வேண்டாமா?

ஹைடெக் லேப் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கணினி வழி மதிப்பீடு ஏற்கெனவே வந்து உட்கார்ந்தாகிவிட்டது. எப்படி நடக்கிறது தெரியுமா? முதல் அணி உள்ளே போகும். அடுத்த அணி வராண்டாவில் நிற்கும். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருந்து வெளியே வருகிறவன் நாலாவது கேள்விக்கு பி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவான். எல்லாம் நான்கில் ஒன்றைத் தொடுகிற கேள்விகள். இரண்டாவது தவணைக்குள் எந்தப் பிள்ளையும் கேட்டுவிடும்: “சார், இதுக்குப் படிக்கணுமா, டிக் பண்ணாப் போதுமா?”

இனி கட்டுரைத் திருத்தம். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, நெடுவினாவையும் எந்திரமே படித்துவிடும் என்று எழுதியிருக்கிறார். எந்த எந்திரம், தமிழில் எதைப் படித்துப் பழகியது என்று கேட்டால் பதில் இல்லை. ஆங்கிலத்திலேயே நடந்த கூத்தைச் சொல்கிறேன். எம்ஐடியில் எழுத்துப் பயிற்சி கற்பித்த லெஸ் பெரல்மன், மாணவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு 2014-இல் பேபல் என்று ஒரு நிரல் செய்தார். இரண்டு மூன்று சொற்களைக் கொடுத்தால் அது ஒரு பெரிய கட்டுரையைத் துப்பும்; நீளமான வாக்கியங்கள், கனமான சொற்கள், துளியும் பொருள் கிடையாது. அந்த உளறலுக்குத் திருத்தும் எந்திரங்கள் உயர்ந்த மதிப்பெண் போட்டன. அவை அளந்தது நீளத்தையும் சொல்லின் கனத்தையும்தான். நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் சிலர் அந்தத் தேர்வில் மாநில முதலிடம் வாங்கியிருப்பார்கள்.

அது பழைய எந்திரம் என்பார். புதியதைப் பார்ப்போம். டெக்சாஸ் மாநிலம் 2024-இல் ஸ்டார் தேர்வின் எழுத்து விடைகளை எந்திரத்துக்குக் கொடுத்தது. மனிதர் திருத்திய சுமார் 3,000 விடைகளைக் காட்டி அதைப் பழக்கினார்கள். நான்கில் ஒரு பங்கை மனிதரே மறுபடி பார்ப்பதாக ஏற்பாடு. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி டாலர் மிச்சம் என்று அந்த மாநிலக் கல்வித் துறை சொன்னது. எந்திரம் போட்டது தப்பு, மனிதர் பார்க்கட்டும் என்று கேட்டால் 50 டாலர். மதிப்பெண் உயர்ந்தால் மட்டும் கட்டணம் கிடையாது. எவ்வளவு வசதி பாருங்கள்: மிச்சம் அரசுக்கு, சந்தேகத்துக்கான செலவு பிள்ளையின் பெற்றோருக்கு.

இதெல்லாம் தொலைதூரக் கதை. பக்கத்து வீட்டுக் கதைக்கு வருவோம். கட்டுரையாளர் பின்லாந்துக்குப் பறந்த வழியில்தான் தெலங்கானா இருக்கிறது. கீழே குனிந்து பார்க்கவில்லை போலும். 2019 ஏப்ரல் 18 அன்று அங்கே இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வந்தன. நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி. முடிவுகளைத் தொகுக்கும் வேலையை ஒரு தனியார் நிறுவனத்திடம் புதிதாக ஒப்படைத்திருந்தார்கள். ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதியதில் மூன்று லட்சத்துக்கு மேல் தோல்வி. தேர்வு எழுதிய பிள்ளைக்கு ‘வரவில்லை’ என்று வந்தது. முந்தைய ஆண்டு மாவட்ட அளவில் பேர் வாங்கிய ஒரு மாணவிக்குத் தெலுங்கில் பூஜ்யம். தாளை எடுத்துப் பார்த்தால் அவள் வாங்கியது 99. ஓஎம்ஆர் தாளில் 99-க்கு உரிய வட்டங்களைக் கருப்பாக்காமல் 00-க்கு உரியவற்றைக் கருப்பாக்கியிருக்கிறார் திருத்தியவர்.

இந்த ஒரு பூஜ்யத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். வட்டத்தைத் தப்பாகக் கருப்பாக்கியது மனிதர்தான். பார்த்தீர்களா, மனிதப் பிழை என்று கட்டுரையாளர் துள்ளுவார். துள்ளட்டும். முன்பெல்லாம் முகாமில் ஒரு தாளில் 99 என்று எழுதிப் பட்டியலில் 00 என்று ஏற்றினால் என்ன நடக்கும்? பக்கத்து மேசையில் இருக்கிறவர், “ஏங்க, இது பூஜ்யமா? தாளைக் காட்டுங்க” என்பார். எழுதிய தாளில் பூஜ்யம் என்பது எந்த ஆசிரியர் கண்ணையும் உறுத்தும். வட்டத்துக்குள் கருப்பு எந்தக் கண்ணையும் உறுத்தாது. எந்திரம் அதை விசுவாசமாகப் படித்தது, விசுவாசமாகக் கூட்டியது, விசுவாசமாக வெளியிட்டது. முதலாமாண்டில் நன்றாக எழுதிய பெண்ணுக்கு மொழிப்பாடத்தில் பூஜ்யமா என்று ஐயப்படும் சிறு அறிவு அதற்கு இல்லை. தப்பைப் பிடிக்கக்கூடிய நாலு கண்களை வழியிலிருந்து அகற்றிவிட்டு, தப்பு மட்டும் மின்வேகத்தில் போகும்படி சாலை போட்டதுதான் அங்கே நடந்த சீர்திருத்தம்.

முடிவு வந்த சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. ஒவ்வொரு மரணத்தையும் மென்பொருள் தலையில் கட்ட நான் முனையவில்லை. தேர்வு முடிவு நாளின் கொடுமைக்கு வேறு காரணங்களும் உண்டு. பெற்றோர்கள் ஐதராபாத்தில் இன்டர்மீடியட் வாரிய அலுவலக வாசலில் நின்று கேட்ட கேள்வி எளிமையானது: யார் பொறுப்பு? வாரியம் நிறுவனத்தைக் காட்டியது, ஆசிரியரைக் காட்டியது, வதந்தி என்றது. மூவர் குழு போட்டார்கள். தோற்ற அத்தனை பேர் தாளையும் இலவசமாக மறுபடி சரிபார்த்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தேர்ச்சி பெற்றார்கள். வட்டத்தைக் கருப்பாக்கியவருக்கு அபராதம், சரிபார்த்தவருக்கு இடைநீக்கம். மேலே இருந்தவர்களுக்கு? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எந்திரத்துக்கு ஏற்றத்தாழ்வு தெரியாது என்ற வசனத்துக்கு இங்கிலாந்து நல்ல மறுமொழி. 2020-இல் கொரோனாவால் அங்கே ஏ லெவல் தேர்வு நடக்கவில்லை. ஆஃப்குவால் என்ற தேர்வுக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு கணக்கீட்டு முறையை வைத்து மதிப்பெண் போட்டது. ஆசிரியர்கள் தந்த தரவரிசையை எடுத்துக்கொண்டு, அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் வாங்கிய முடிவுகளுக்குள் அதைப் பொருத்தியது. அதாவது உன் அண்ணன்மார் சுமாராகத்தான் எழுதினார்கள், ஆகவே நீயும் சுமார்தான். வகுப்பில் பிள்ளைகள் மிகக் குறைவாக இருந்தால் மட்டும் ஆசிரியர் சொன்ன மதிப்பெண் அப்படியே நிற்கும். சின்ன வகுப்பு எங்கே இருக்கும்? பணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளில். ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது ஏறத்தாழ 39 விழுக்காடு கிரேடுகள் ஆசிரியர் மதிப்பிட்டதைவிடக் குறைந்திருந்தன. தனியார் பள்ளிகளுக்கு உயர்ந்த கிரேடுகள் ஏறியிருந்தன. பிள்ளைகள் லண்டன் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில், 17-ஆம் தேதி, எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். அடுத்த வாரம் பிரதமர் போரிஸ் ஜான்சன் ஒரு பள்ளிக்குப் போய், திரிந்துபோன அல்காரிதம் ஒன்று உங்கள் மதிப்பெண்ணைக் கிட்டத்தட்டத் தடம்புரளச் செய்துவிட்டது என்கிற பொருளில் பேசினார். அதைச் செய்யச் சொன்னதும், சரி என்று ஏற்றதும் ஏதோ வேற்றுக்கிரக அரசாங்கம் போல.

அதே 2020-இல் தமிழ்நாட்டிலும் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்று அறிவித்தார்கள். அந்த ஏற்பாட்டில் ஆயிரம் ஓட்டை. காலாண்டில் காய்ச்சலாகப் படுத்தவனுக்கு அநியாயம்தான். ஆனாலும் கணக்கு ஒரே வரியில் இருந்தது. பென்சிலும் துண்டுக் காகிதமும் இருந்தால் எந்தப் பிள்ளையும் தன் மதிப்பெண்ணைத் தானே போட்டுப் பார்த்திருக்கலாம், தப்பென்றால் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கலாம்.

வினாத்தாள் கசிவுக்கு வருவோம். கணினி வந்தால் கசியாது என்பதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். 2021 ஜேஇஇ மெயின் பொறியியல் நுழைவுத்தேர்வு கணினியில்தான் நடந்தது. அரியானாவின் சோனிபத்தில் ஒரு மையத்தை வைத்துக்கொண்டு, தேர்வு மென்பொருளுக்குள் நுழைந்து, வெளியே எங்கோ உட்கார்ந்தவர்கள் தேர்வரின் கணினியில் விடை போட்டதாக சிபிஐ வழக்குப் போட்டது. மறு ஆண்டு அக்டோபரில் அந்த வழக்கில் ரஷ்யர் ஒருவர் டெல்லி விமான நிலையத்தில் பிடிபட்டார். முன்பு வினாத்தாளைத் திருட பீரோவை உடைக்க வேண்டும். பீரோ உடைந்தது ஊருக்குத் தெரியும். எகிப்தில் கணினித் தேர்வு வேறு விதமாகக் காலை வாரியது. 2019 மார்ச்சில் மேல்நிலை முதலாண்டு மாணவர்களுக்கு டேப்லெட் கொடுத்துத் தேர்வு வைத்தார்கள். முதல் நாளே அமைப்பு படுத்துவிட்டது, பிள்ளைகள் உள்ளேயே நுழைய முடியவில்லை.

வேகம்? மும்பை பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். பள்ளியில்லைதான், ஆனால் வாதம் அதேதான். 2017-இல் லட்சக்கணக்கான விடைத்தாள்களை ஸ்கேன் செய்து திரையில் திருத்த வைத்தார்கள், எல்லாம் சீக்கிரம் முடியும் என்று. ஜூலை 31-க்குள் முடிக்க வேந்தரான ஆளுநர் கெடு வைத்தார். கெடு தாண்டியது, மாதங்கள் தாண்டின, தாள்கள் காணாமல் போயின, மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாமல் பிள்ளைகள் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தரைப் பதவி நீக்கினார்கள். அங்கேயாவது ஒரு தலை உருண்டது.

இப்போது மீதிப் பின்லாந்து. அந்த நாட்டின் மேல்நிலை இறுதித் தேர்வு கணினிக்கு மாறியது உண்மை. 2016 இலையுதிர்காலத்தில் தத்துவம், புவியியல், ஜெர்மன் என்று மூன்று பாடத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் 2019 வசந்தத்தில்தான் கணக்குக்கு வந்தார்கள். கணக்கைக் கடைசிக்கு வைத்தது தற்செயல் என்று நினைக்கிறாரா? பிள்ளைகள் தங்கள் மடிக்கணினியை ஒரு யுஎஸ்பி குச்சியிலிருந்து இயக்கி, பள்ளிக்குள்ளேயே இருக்கும் சர்வரில் எழுதுகிறார்கள். அதைவிட முக்கியமானதைக் கட்டுரையாளர் விழுங்கிவிட்டார். எழுதிய விடையை முதலில் படித்துத் திருத்துவது அந்தப் பிள்ளையின் சொந்தப் பள்ளி ஆசிரியர். பிறகு தேர்வு வாரியம் நியமித்த பாடத் திருத்துநர் மறுபடி படிக்கிறார். இருவரும் மனிதர்கள். பின்லாந்து காகிதத்தைத்தான் எடுத்தது, ஆசிரியரை எடுக்கவில்லை. கட்டுரையாளர் பின்லாந்தைக் காட்டி விற்பது வேறு சரக்கு.

ஆசிரியர் சுமை இறங்கும் என்ற கரிசனத்துக்கு நன்றி. எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் தளத்தில் எதையாவது ஏற்றிக்கொண்டே இருக்கும் எந்த ஆசிரியரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்; அவர் முகத்தில் வருவதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. விடைத்தாள் திருத்துவது சலிப்பான வேலைதான். ஆனாலும் முந்நூறு பிள்ளைகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி சறுக்கியிருப்பதை அங்கேதான் கண்ணால் பார்க்கிறோம். அடுத்த ஜூனில் அந்தப் பாடத்தை எப்படி எடுக்கலாம் என்பது அங்கே தேநீர் இடைவேளையில் முடிவாகிறது. இந்தச் சுமையை இறக்கச் சொல்லி யாரும் அவரிடம் மனுக் கொடுக்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். அவர் பரிந்துரைக்கும் அமைப்பு வந்து, எட்டொன்பது லட்சம் பிள்ளைகள் எழுதி, ஒரு பிள்ளைக்கு 99-க்குப் பதில் 00 விழுந்ததாக வைத்துக்கொள்வோம். அவள் மறுநாள் காலை எந்த அலுவலகத்துக்குப் போவாள், எந்த மேசையில் யார் அவள் விடையைத் திறந்து காட்டுவார், காட்டக் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் திருத்துவார்கள், கல்லூரிச் சேர்க்கை அதற்குள் முடிந்துபோனால் இழப்பீடு யார் தருவார், நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் அது எந்தப் பிரிவில் இருக்கும்? அடுத்த கட்டுரையில் இதை மட்டும் எழுதட்டும். அரைப் பக்கம் போதும்.